துணைக்கு ஒருவர்

2025-ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு வாரம் தொப்பம்பட்டியில் என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். பழனிக்கு வடக்கே, தாராபுரம் செல்லும் திசையில் உள்ள சமவெளி ஊர் அது. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்று பெயர். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். வயதானவர்களுக்குப் புது இடத்தில் தூக்கம் எளிதில் வருவதில்லை. முதல் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன், வாசல் பக்கம் வெளிச்சம் தெரியக் கண்டு கதவைத் திறந்து பார்த்தேன்.

திண்ணையில் டியூப் லைட் எரிந்து கொண்டிருந்தது. ஒரு தூணில் சாய்ந்து அக்காளின் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அடுத்த தூணில் சாய்ந்து எதிர் வீட்டு மருமகள். இருவர் மடியிலும் புத்தகம். நடுவே ஒரு செம்பில் தண்ணீர், ஒரு கொசுவர்த்திச் சுருள். நான் நிலைப்படியில் கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவ்வளவு நேரத்தில் அவர்கள் பேசிக் கொண்டது ஒரே ஒரு முறை.

“மணி என்ன ஆச்சுங்க்கா?”

“பன்னெண்டாகப் போகுது கண்ணு.”

மறுபடி மௌனம். ஒருத்தி மற்றவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை, சந்தேகம் கேட்கவில்லை, ஒருத்தியின் புத்தகத்தை மற்றவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். ஆனாலும் அந்த இரண்டு தூண்களுக்கும் இடையே ஏதோ ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருப்பது போல எனக்குத் தோன்றியது.

காலையில் அக்காளிடம் விசாரித்தேன். அவளுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது.

“வேலை கெடச்ச புள்ளைக்கு இன்னும் என்னடா தம்பி ராத்திரிப் படிப்பு? காலைல ஏழரை பஸ்ஸுக்கு ஓடோணும். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. நீயாவது சொல்லிப் பாரு.”

கதை இதுதான். 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த குரூப் நான்கு தேர்வை இருவரும் எழுதினார்கள். 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். அறிவிப்பு வெளியானபோது சொல்லப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பேத்தி தேறினாள், இளநிலை உதவியாளராக வேலையும் கிடைத்துவிட்டது. எதிர் வீட்டு மருமகளுக்குச் சில மதிப்பெண்கள் குறைந்துவிட்டன. அடுத்த தேர்வுக்காக அவள் படிக்கிறாள். பேத்தியோ அரசு ஊழியர்களுக்கான துறைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லி இன்னமும் அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று மாலை அந்த மருமகளே வீட்டுக்கு வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. “ஏனம்மா, உன் வீட்டில் உட்கார்ந்து படித்தால் என்ன? அங்கேயும் விளக்கு இருக்கிறதே!” என்று கேட்டேன். அவள் சிரித்துக் கொண்டே சொன்னாள்:

“தனியா உட்கார்ந்து படிச்சா, அதைப் படிப்புன்னு யாரும் நினைக்க மாட்டேங்கறாங்க தாத்தா. சும்மாதானே இருக்கேன்னு ஒரு வேலை சொல்லிப் போடுவாங்க. இங்க வந்துட்டா, ‘அவங்க ரெண்டு பேரும் படிக்கறாங்க’ன்னு விட்டுடறாங்க. அவங்களை விடுங்க, எனக்கே அப்படித்தானுங்க. தனியா இருந்தா, பத்துப் பக்கம் போறதுக்குள்ள எந்திரிச்சு நாளைக்கு அரிசி ஊறப் போட்டாச்சான்னு பார்க்கப் போயிடுவேன்.”

இந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. நாற்பது ஆண்டுகளாக எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு மனிதன் தன்னந்தனியாகப் புத்தகத்தையோ தாளையோ பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தால் உலகத்தின் கண்ணுக்கு அவன் சும்மா இருப்பவன்தான். எத்தனை முறை எழுதிக் கொண்டிருந்த என்னை, “சும்மாதானே இருக்கீங்க, காஸ் சிலிண்டர்காரன் வந்தால் வாங்கி வையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அதே அறையில் இன்னொருவரும் உட்கார்ந்து தம் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டால் காட்சி மாறிவிடுகிறது. ஒருவர் உட்கார்ந்தால் ஓய்வு. இருவர் உட்கார்ந்தால் அலுவல்.

மறுநாள் விடியற்காலையில் அக்காள் மகனோடு தோட்டத்துக்குப் போனேன். மார்கழியில் விதைத்த கடலை அறுவடைக்கு வந்திருந்தது. செடிகளைப் பிடுங்கிக் குவித்து, வேப்பமர நிழலில் பன்னிரண்டு பெண்கள் காய் ஆய்ந்து கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் முன்னும் தனித்தனிக் குவியல். கூலி அளவுக் கணக்கில். யார் எவ்வளவு ஆய்ந்தார்களோ அதற்கு ஏற்ற காசு. ஆகவே ஒருத்தியின் உழைப்பு மற்றவள் கணக்கில் சேர்வதில்லை. அப்படியானால் தோட்டம் முழுவதும் நிழல் தரும் மரங்கள் இருக்க, எல்லாரும் ஏன் ஒரே மரத்தடியில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார வேண்டும்? ஒரு கிழவியிடம் கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “தனியா உட்கார்ந்து ஆஞ்சா கை ஓடுமாங்க சாமி?” என்றாள்.

கை ஓடுமா என்று அவள் கேட்டாள். மனம் ஓடுமா என்று கேட்கவில்லை. உழைப்பவர்கள் பேச்சில் எப்போதும் ஒரு துல்லியம் இருக்கிறது.

நம் மொழியில் ‘துணை’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. அதை நாம் தினந்தோறும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதன் பொருளை நின்று பார்ப்பதில்லை. உதவி வேறு, துணை வேறு. மூட்டையின் ஒரு முனையைப் பிடிப்பவர் உதவுகிறார். இருட்டில் நம்மோடு நடந்து வருபவர் துணை வருகிறார்; நம் காலைத் தூக்கி அவர் வைப்பதில்லை, நம் பாதையை அவர் குறைப்பதும் இல்லை. வழித்துணை, பேச்சுத்துணை, ஆஸ்பத்திரியில் இரவுத்துணை என்று எத்தனை வகை! இவற்றில் எதிலும் துணையாக வருபவர் பெரிய காரியம் எதுவும் செய்வதில்லை. இருக்கிறார், அவ்வளவுதான். பழனி வட்டாரத்தில் லாரியின் நெற்றியிலும் மளிகைக் கடைப் பலகையிலும் ‘முருகன் துணை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். லாரியை முருகன் ஓட்ட வேண்டும் என்று எந்த டிரைவரும் எதிர்பார்ப்பதில்லை. ஓட்டுவது தான்தான், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும் என்பதே அந்தப் பலகையின் விண்ணப்பம்.

நான் அங்கே இருந்த நாட்களில் பங்குனி உத்திரத்துக்கு நடந்து போகும் கூட்டம் தொடங்கிவிட்டது. கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் கொண்டு கொங்கு நாட்டு மக்கள் காவடியோடு பழனிக்கு நடப்பது பழைய வழக்கம். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பார்கள். கால் கொப்பளித்துப் போன ஒரு பையனை அவனுடைய கூட்டத்தார் நடுவில் விட்டு நடத்திச் செல்வதைப் பார்த்தேன். யாரும் அவனைத் தூக்கவில்லை. அவனும் தூக்கச் சொல்லவில்லை. ஆனால் அவன் தனியாக இருந்திருந்தால் அந்த மைல்கல்லில் உட்கார்ந்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதையெல்லாம் திண்டுக்கல்லில் இருக்கும் என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கண்டிப்பானவர். அவர் ஒப்புக் கொள்ளவில்லை. “இது பலவீனம் ஐயா! யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் வேலை நடக்கும் என்றால் அந்த வேலை அவனுடையதா, பக்கத்தில் இருப்பவருடைய கண்ணுடையதா? ஆளில்லாத இடத்திலும் தன் கடமையைச் செய்பவன்தான் மனிதன். தன் கையே தனக்குதவி என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் நகர்ந்துவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்ற வெட்கத்தால் மட்டும் ஒருவன் உழைக்கிறான் என்றால், அது மேஸ்திரி திரும்பும் பக்கம் மட்டும் மண்வெட்டி எழும் கதைதான். ஆனால் திண்ணையில் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லையே! கடலை ஆய்ந்த பெண்களின் கண்கள் அவரவர் செடியின் மேல்தானே இருந்தன? கண்காணிப்பு வேறு, துணை வேறு. கண்காணிப்பவருக்கு அங்கே வேறு வேலை இல்லை. நம்மைப் பார்ப்பதே அவர் வேலை. துணைக்கு இருப்பவருக்கோ தம் வேலை இருக்கிறது. அவர் நமக்குத் தருவது ஒரு செய்தி மட்டும்: ‘இந்த நேரத்தில் இந்தக் கஷ்டத்தைப் படுவது நீ ஒருவன் மட்டும் இல்லை.’ இந்தச் செய்தியைத் தனக்குத் தானே சொல்லிக் கொள்ள மனிதனால் முடிவதில்லை. வேறொருவர் இருந்துதான் சொல்ல வேண்டும்.

தனிமையில் உழைத்த மேதைக்கு உதாரணமாக நாம் கணித மேதை இராமானுஜனைச் சொல்வோம். சிலேட்டுப் பலகையில் எழுதி எழுதி அழித்துத் தாமாகவே கண்டுபிடித்தவர். உண்மைதான். ஆனால் அந்தத் தனிமனிதர்தான் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து கொண்டு 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். ஹார்டியின் பதில் கிடைத்த பிறகு எழுதிய அடுத்த கடிதத்தில், தம் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்தார் என்று மகிழ்ந்து போனார். 1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அதன் பின் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உழைத்ததன் பலன் கணித உலகத்துக்குத் தெரியும். தனிமையில் உழைக்க வல்லவர்களும் தனிமையை விரும்பி இருப்பதில்லை. வேறு வழியில்லாமல் இருக்கிறார்கள்.

திருவள்ளுவரையும் என் நண்பர் துணைக்கு அழைத்தார். நானும் அவரையே துணைக்கு அழைக்கிறேன். சோம்பலைக் கண்டிக்கும் ‘மடியின்மை’ அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அந்தப் பத்துக் குறள்களில் ‘குடி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவன் சோம்பினால் அவன் கெடுவான் என்பதோடு அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. அவன் பிறந்த குடி கெடும் என்கிறார். சோம்பல் ஒருவனுடைய சொந்த விஷயம் என்று அவர் கருதவில்லை. சோம்பல் தனி மனிதனோடு முடிவதில்லை என்றால், அதற்கு மருந்தையும் தனி மனிதனுக்குள்ளேயே தேட வேண்டும் என்ற கட்டாயம் ஏது?

விஞ்ஞானிகளும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நார்மன் டிரிப்ளெட் என்பவர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு ஓட்டும்போது வேகமாகப் போவதைக் கவனித்தார். பிறகு தூண்டில் உருளையைச் சுற்றும் வேலையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துத் தனியாகவும் ஜோடியாகவும் செய்யச் சொன்னார். 1898-இல் முடிவுகளை வெளியிட்டார். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தபோது பல குழந்தைகளின் கை வேகம் பெற்றது. சிலரிடம் மாற்றம் இல்லை. சிலரோ பதற்றத்தில் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். கடலை ஆய்ந்த கிழவி சொன்னதன் பெரும்பகுதி அங்கேயும் உண்மையாயிற்று.

ஆனால் ‘கூட்டம் சேர்ந்தால் உழைப்பு பெருகும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பிரான்சில் ரிங்கல்மான் என்ற விவசாயப் பொறியியல் வல்லுநர் மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து 1913-இல் எழுதினார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்தால் போடும் பலத்தில் ஏறத்தாழப் பாதிதான் போட்டார்கள். இதற்குப் பிரான்சுக்குப் போக வேண்டாம். நம் ஊர்த் தேர்வடத்தைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், வடத்தில் கை வைத்தவர்கள் எத்தனை பேர், இழுத்தவர்கள் எத்தனை பேர் என்பது!

தேர்வடத்துக்கும் கடலைக் குவியலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. வடம் ஒன்று, அதில் என் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஆகவே என் கை தளர்கிறது. மரத்தடியில் குவியல்கள் தனித்தனி. என் குவியல் என் முன்னால் கிடக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்து, வேலையும் தனித்தனியாக இருந்தால் துணை நன்மை செய்கிறது. வேலை எல்லாம் ஒரே கும்பலாகக் கலந்துவிட்டால் அதே துணை மறைவிடமாகிவிடுகிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியல் அறிஞர், அதுவரை நடந்த சோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்து ஒரு விளக்கம் சொன்னார்: நன்றாகப் பழகிய வேலையைச் செய்யும்போது பிறர் அருகில் இருப்பது கைகொடுக்கிறது, புதிதாக ஒன்றைக் கற்கும்போது தடுமாற வைக்கிறது. பின்னால் 1969-இல் அவரும் அவர் தோழர்களும் கரப்பான்பூச்சிகளை வைத்துக்கூட இதைச் சோதித்தார்கள். நேரான பாதையில் ஓட விட்டால், பிற கரப்பான்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போது அது வேகமாக ஓடிற்று. திருப்பம் உள்ள பாதையிலோ தாமதித்தது. படிப்பவர்கள் சிரிக்கலாம். என் அனுபவம் அந்தக் கரப்பான்பூச்சியின் அனுபவத்தோடு ஒத்துப் போகிறது. ஒரு நாவலின் முதல் அத்தியாயம் எனக்கு எங்கேனும் தனியாக நடக்கும்போதுதான் உருவாகும்; யாராவது எதிரே இருந்தால் ஒரு வரி வராது. ஆனால் நானூறு பக்கத்தைத் திருத்தி மறுபடி படியெடுக்கும் வேலைக்கு, அடுக்களையில் யாராவது வெங்காயம் நறுக்கும் சத்தமாவது கேட்க வேண்டும். புரியாததைப் புரிந்து கொள்ளத் தனிமை. புரிந்ததைச் செய்து முடிக்கத் துணை. நம் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதி இரண்டாம் வகை வேலைதான் அல்லவா?

சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டு வந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்து படிக்கிறார்கள். லட்சக்கணக்கான புத்தகங்கள் உள்ள கட்டடத்துக்குத் தங்கள் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு போகிறார்களே! அவர்கள் தேடிப் போவது புத்தகத்தை இல்லை. பக்கத்து நாற்காலியில் தலை குனிந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் உறவுப் பையன் ஒருவன், கோயம்புத்தூரில் உள்ள தன் நண்பனோடு கைபேசியில் முகம் தெரியும்படி வைத்துக் கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மணி நேரம் அவரவர் வேலையைச் செய்கிறார்களாம். கருவி புதிது, திண்ணை பழையதுதான்.

துணைக்கு இருந்தவரால் ஒரு மொழியே பயன் பெற்ற வரலாறும் நமக்கு உண்டு. 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். படித்த பிரபந்தங்களையெல்லாம் ஐயர் அடுக்கினார். முதலியாரோ, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. முதலியார் பிரதியைக் கொடுத்துப் படிக்க வைத்தார். தாமும் பாடம் கேட்க உட்கார்ந்தார். ஐயருக்கு அந்த நூல் எளிதாக இல்லை. அது சமண நூல். சொல்லும் வழக்கும் புதியவை. தனியாகப் படித்திருந்தால், விளங்கவில்லை என்று மூடி வைத்திருக்கலாம். எதிரே ஒருவர் காத்துக் கொண்டிருந்தார், மூட முடியவில்லை. முன்சீப் கேட்டுக் கொண்டிருக்க ஆசிரியர் படித்த அந்தப் படிப்பு, 1887-இல் சிந்தாமணி பதிப்பாக வெளிவந்தது. பழந்தமிழ் நூல்கள் பலவற்றுக்கு அது வாசலாயிற்று. பதிப்பித்த பெருமை ஐயருடையதே. அதில் ஓர் எழுத்தும் குறைக்க முடியாது. ஆனாலும் தம் வரலாற்றை எழுதும்போது அந்த முன்சீபுக்கு உரிய இடத்தை அவர் மறக்காமல் கொடுத்தார். அந்த மறவாமையை எண்ணும்போது என் தலை குனிகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

தொப்பம்பட்டியில் நான்காம் நாள் இரவு. தூக்கம் வராமல் மறுபடி வாசலுக்கு வந்தேன். மருமகள் தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். பேத்தியின் மடியில் இருந்த துறைத் தேர்வுப் புத்தகத்தைப் பார்த்தேன். முதல் நாள் இரவு திறந்திருந்த அதே பக்கம். அவள் கண்கள் சொருகிக் கொண்டிருந்தன.

“கண்ணு, உண்மையைச் சொல். நீ படிக்கிறாயா?” என்று கேட்டேன்.

அவள் எதிர் வீட்டைப் பார்த்துக் கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள். “கொஞ்சம் படிக்கறேன் தாத்தா. நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன்னா, அந்தக்கா நாளைக்கு வரமாட்டாங்க. அவங்க வீட்டுல விளக்க அணைச்சுருவாங்க. போன வருசம் கணக்குப் போடறப்ப நான் எத்தனை நாள் புத்தகத்தைத் தூக்கி வீசினேன் தெரியுமா? அவங்க ஒண்ணுமே சொல்லமாட்டாங்க. அவங்க பாட்டுக்குப் படிப்பாங்க. நானும் திருப்பி எடுத்துக்குவேன்.”

நான் எதுவும் பேசாமல் உள்ளே வந்து படுத்தேன். அன்று எனக்குத் தூக்கம் வராததற்கு இடம் புதிது என்பது காரணமில்லை.

எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது மதுரையில் ஒரு மாடி அறையில் நண்பன் ஒருவனோடு குடியிருந்தேன். பகலில் இருவருக்கும் வேறு வேறு இடத்தில் சொற்பச் சம்பள வேலை. இரவில் அவன் கணக்குப் பரீட்சைக்குப் படிப்பான். நான் என் முதல் நாவலை எழுதுவேன். ஒரே மேஜை, அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவனுக்கு இலக்கியத்தில் ஈடுபாடு கிடையாது. நான் எழுதியதில் ஒரு பக்கம்கூட அவன் படித்ததில்லை. ஆனால் பதினான்கு மாதம், நான் பேனாவை வைத்துவிடலாமா என்று நிமிரும்போதெல்லாம் எதிரே அவன் குனிந்த தலை தெரியும். நானும் குனிந்து கொள்வேன். நாவல் முடிந்தது. அச்சாயிற்று. கொஞ்சம் பெயர் கிடைத்தது. அடுத்த மாதமே வசதியான வேறு இடம் பார்த்துக் கொண்டு நான் அந்த அறையைக் காலி செய்தேன். அவனுடைய பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவன் தேறவில்லை. சில மாதங்களில் ஊருக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். நாவலின் முன்னுரையில் என் ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் படம் போட்டவருக்கும் நன்றி சொல்லியிருந்தேன். அவன் பெயர் அதில் இல்லை. அவன் என்ன செய்தான் நன்றி சொல்வதற்கு? சும்மா எதிரே உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதானே!

பல ஆண்டுகள் கழித்து ஒரு பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். சொந்த ஊரில் சிறு கடை வைத்திருந்தான். வருத்தம் எதுவும் இல்லாமல் பேசினான். “நீ எழுதுறப்ப பேனா கீறுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்டா. நீ போன பிறகு அந்த மேஜையில என்னால உட்கார முடியல” என்றான். குறையாகச் சொல்லவில்லை, பழைய நாள் பேச்சாகத்தான் சொன்னான். நான் சிரித்து வைத்தேன். பஸ் வந்தது, ஏறிக் கொண்டேன்.

துணையைப் பற்றிய அறக்கேள்வி உண்மையில் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். துணை தேடுவது பலவீனமா என்று நானும் தலைமையாசிரியரும் மணிக்கணக்கில் வாதாடினோம். அது சிறிய கேள்வி. பக்கத்தில் இருந்தவரை நான் மனிதராக நினைத்தேனா, மேஜை விளக்காக நினைத்தேனா என்பது பெரிய கேள்வி. விளக்கை வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். மனிதருக்கு நம் வேலை முடிந்த பிறகும் அவருடைய வேலை மீதி இருக்கிறது. நான் அவன் தலையைப் பார்த்துக் குனிந்த ஒவ்வொரு தடவையும், அவனும் என் தலையைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். வாங்கிய கணக்கு எனக்கு நினைவிருந்தது. கொடுத்துக் கொண்டிருந்த கணக்கு எனக்குத் தெரியவே இல்லை. துணையின் விசித்திரம் இதுதான். நாம் கொடுப்பது நமக்குத் தெரியாமலே கொடுக்கப்படுகிறது. ஆகவே நிறுத்தும்போதும் தெரியாமலே நிறுத்திவிடுகிறோம்.

அப்படியானால் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தவர் காலமெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டுமா? பேத்தியின் கண் சிவப்பதற்கு அக்காள் வருந்துவதிலும் நியாயம் இல்லையா? இருக்கிறது. தன் வாழ்க்கையை அழித்துக் கொண்டு துணை இருப்பது துணைக்கு வருபவருக்கே பாரமாகிவிடும். புறப்படும் போது வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்வது நம் வழக்கம் இல்லை. ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வோம். துணையிலிருந்து விலகுவதற்கும் அந்த முறை பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. எழுந்திருக்கலாம். ஆனால் சொல்லிக் கொண்டு எழுந்திருக்க வேண்டும். எதுவரை இருக்க முடியும் என்று முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். முடிந்தால் நம் தூணில் சாய வேறொருவரைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். நான் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

இருபத்தைந்து வயது ஆகாத அந்தப் பெண் இவற்றை யாரும் சொல்லாமலே செய்திருந்தாள். ஜூலைத் தேர்வு வரைக்கும்தான் தன்னால் இரவில் விழிக்க முடியும் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாளாம். பக்கத்துத் தெருவில் பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த ஒரு பெண்ணிடம், அடுத்த ஆண்டு இரவில் இங்கே வந்து படி என்று சொல்லியும் வைத்திருந்தாள். இதை எனக்குச் சொன்னவள் மருமகள்தான்.

2025 ஜூலை 12-ஆம் தேதி தேர்வு நடந்தது. அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பங்களோ 13 லட்சத்தைத் தாண்டின. முடிவு வந்தபோது மருமகளுக்கு அந்த முறையும் கிடைக்கவில்லை என்று அக்காள் தொலைபேசியில் சொன்னாள். “இத்தனை ராத்திரி முழிச்சு என்னடா புண்ணியம்?” என்றும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வெற்றி தருவதாகத் துணை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பழனிக்கு நடப்பவரின் வேண்டுதல் நிறைவேறுமா என்று உடன் நடப்பவர் எப்படிச் சொல்வார்? நடந்தோம் என்பதற்கு மட்டும் அவர் சாட்சி. “அவள் இப்போதும் படிக்கிறாளா?” என்று கேட்டேன். “படிக்கறா. இப்ப அந்தப் பத்தாவது புள்ளையும் வந்து உட்கார்றா. கரண்டு பில்லு என் தலையில” என்று அக்காள் சலித்துக் கொண்டாள். ஆனால் விளக்கை அணைத்துவிட்டதாகச் சொல்லவில்லை.

அந்த வாரத்தின் கடைசி இரவைச் சொல்லி முடிக்கிறேன். பத்து மணிக்குமேல் என் எழுது பலகையையும் தாளையும் எடுத்துக் கொண்டு நானும் திண்ணைக்குப் போனேன். பெண்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பேத்தி கொசுவர்த்தியை என் பக்கம் சற்று நகர்த்தி வைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்துச் சாலையில் காவடிக் கூட்டம் ஒன்று பழனியை நோக்கிப் போய்க் கொண்டிருந்த சத்தம் கேட்டது. மதுரை நண்பனுக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதத் தொடங்கினேன். இரண்டு மூன்று தடவை எழுந்து உள்ளே போய்விடலாமா என்று தோன்றிற்று. நிமிர்ந்தபோதெல்லாம் அந்த மருமகள் குனிந்த தலை நிமிராமல் படித்துக் கொண்டிருந்தாள். ஒரு மணிக்குக் கடிதம் முடிந்தது. எழுந்திருக்கவில்லை. அவள் புத்தகத்தை மூடும் வரை உட்கார்ந்திருந்தேன்.